பூங்காவுக்குத் திருடிக் கொண்டுவந்த கோணல் பிள்ளையார்

எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஓடுகிற கட்சி, நடக்கிற கட்சி, உட்காருகிற கட்சி என்று மூன்று உண்டு. நான் மூன்றாவது. வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், நடக்கிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேச்சை என் காதில் போட்டுவிட்டுப் போவார்கள். மீதிப் பேச்சு அடுத்த சுற்றில் வரும். விருத்தாசலத்தில் இதைவிடப் பொழுதுபோக்கு எனக்கு வேண்டாம்.

என் கட்சியில் இன்னொருவர், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பூங்கா வாசலில் ஒரு பீங்கான் மான் நிற்கிறது. பிள்ளைகள் ஏறி ஏறி அதற்கு இரண்டு காதும் போய்விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கார்டு சொல்வார்: "அப்படியே எங்க வூட்டு மருமவன்தாங்க. ஒண்ணு சொன்னா காதுலயே வாங்காது."

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் மனைவிக்குச் சர்க்கரை ஏறியது. மாத்திரைக்கு அடங்கவில்லை. "ஒரு மாசம் தினமும் நடங்கம்மா. அப்பவும் குறையலன்னா ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். ஒரு முறை நாய் கடித்தபோது, அது ரொம்ப நல்ல நாய், தெரியாமல் கடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரி வாசல்வரை வாதாடியவள்.

அப்படிப்பட்டவள் நடக்கவும் மாட்டேன் என்றாள்.

"கடைக்குப் போனா சாமானாவது வாங்கிட்டு வரலாம். கெளம்புன எடத்துக்கே திரும்பி வரதுக்கு எதுக்குங்க கெளம்பணும்? பாக்குறவங்க, புருசங்கிட்ட சண்ட போட்டுட்டு வந்து சுத்துறான்னு நெனைப்பாங்க."

இதே ஆள், பிரதோஷத்தன்று பழமலைநாதர் கோயில் பிராகாரத்தை மூச்சு வாங்காமல் சுற்றுவாள். அந்தக் கோயிலோ எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். தினமும் ஆட்டோவில் போய் நடந்துவிட்டு ஆட்டோவில் வருவதுதான் டாக்டர் சொன்ன வைத்தியமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். பூங்காவில் எல்லாம் இருக்கிறது, சாமிதான் இல்லை.

பீங்கான் பட்டறை வைத்திருக்கும் கூட்டாளியிடம் போனேன். மூலையில் ஒரு பிள்ளையார் ஒதுங்கிக் கிடந்தார். சூளைச் சூட்டில் இளகி, தலை ஒரு பக்கத் தோளில் சாய்ந்திருந்தது.

"வேகும்போது கொஞ்சம் கண்ணசந்துட்டாரு" என்றான் கூட்டாளி.

"என்னா வெல சொல்ற மச்சான்?"

"காசு குடுத்து வாங்குன புள்ளையாருக்கு என்னாய்யா பவரு இருக்கும்? திருடுனாத்தான் வேல செய்வாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், தூக்கிட்டுப் போ." திரும்பியும் கொண்டான். திரும்பின வாக்கிலேயே கத்தினான்: "ஒடைச்சிடாத, சாக்குல சுத்திக்க. வாசல்ல தள்ளுவண்டி நிக்குது, அதையும் திருடிக்க. சாயந்திரம் கொண்டாந்து விட்டுடு."

பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தேன். மறுநாளே யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள். செய்தி கேட்டு என் மனைவி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் பிள்ளையாரைச் சுற்றினாள். பிள்ளையாரை மட்டும்தான் சுற்றினாள். கோலமாவு டப்பாவைச் சுற்றுகிற அளவுக்கு ஒரு சுற்று, அப்படி மூன்று. தோப்புக்கரணம் போட்டாள். என் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் எதிர் வீட்டுக்காரம்மா சர்க்கரைப் பொங்கலோடு வந்தார்.

"ஐயோ, உனக்கு ஆவாது" என்றேன்.

"பிரசாதங்க. வேணாங்கக் கூடாது."

கார்டு என் காதருகே குனிந்தார். "நடக்க வெக்கப் பாத்தீங்க. நம்ம கட்சிக்கு ஒரு ஆளு சேந்துட்டாங்க."

தினம் ஒரு வீட்டுப் பொங்கல் வந்தது. டாக்டர் வைத்த கெடு பாதி தீர்ந்துவிட்டது. நானே ஊசிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்றே என்று பெஞ்சில் உட்கார்ந்து புலம்பினேன். கார்டுதான் வழி சொன்னார்.

"வண்டி எந்தப் பிளாட்பாரத்துல நிக்குதோ அங்கதாங்க ஜனம் போவும். வண்டிய மாத்தி நிறுத்துங்க."

பூங்கா நடுவில் காய்ந்துபோன நீரூற்று ஒன்று உண்டு. சுற்றிலும் புல்தரையோடு சேர்த்து வளைத்த கம்பிவேலி, அதற்கும் வெளியே நடைபாதை. விடியற்காலையில் நாங்கள் இருவரும் பிள்ளையாரை வேலிக்கு மேலாகத் தூக்கி, நீரூற்று மேடையில் உட்கார வைத்தோம். பொழுது விடிந்ததும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். யாரைக் கேட்டு நகர்த்தினீர்கள் என்று.

"கனவுல வந்தாரு" என்றார் கார்டு. "மரத்தடியில காக்கா தொல்ல தாங்கல, நடுவுல வெய்யின்னாரு."

"நீங்கதான் சாமியே கும்புட மாட்டீங்களே, உங்க கனவுல எப்படி வந்தாரு?" என்றாள் என் மனைவி.

"அங்கதாம்மா கூட்டம் இல்ல. கால நீட்டி உக்காந்து பேசிட்டுப் போனாரு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் சுற்றக் கிளம்பினாள். இப்போது பிள்ளையாரைச் சுற்றவேண்டும் என்றால் பூங்காவையே சுற்றியாக வேண்டும். வேலி தாண்டிப் படையல் வைக்க முடியாததால் பொங்கலும் நின்றுபோனது. பூவை மட்டும் வெளியிலிருந்தே வீசினார்கள். மூன்று சுற்று ஒன்பதாயிற்று. ஊசி போடாமல் இருந்தால் இன்னும் கூட்டிச் சுற்றுவதாக வேண்டுதல் வேறு. பனியன் போட்டு எதிர்த்திசையில் ஓடிவந்த பையன்களைக்கூட, "சாமிய எடஞ்சுத்தி ஓடாதீங்கப்பா" என்று திருப்பிவிட்டாள்.

கெடு முடிந்து டாக்டரிடம் போனோம். காகிதத்தைப் பார்த்து அவர் நிமிர்ந்தார். "நல்லா குறைஞ்சிருக்குதே! ஊசி வேணாம். தினமும் நடந்தீங்களாம்மா?"

"நடக்கவெல்லாம் இல்ல சார்" என்றாள் பெருமையாக. "சாமிதான் கும்புட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். "வந்ததுக்கு சாருக்கும் ஒரு டெஸ்ட்டு பாத்துடலாமா?" என்றார். அவளுக்கு வந்த பொங்கலில் பாதியை, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, தினமும் நான்தான் தின்றிருந்தேன்.

இப்போது விடிந்தால் அவள் முன்னால் போகிறாள், நான் பின்னால் இரைத்துக்கொண்டு போகிறேன். பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் கார்டு காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறார். எங்கள் கட்சியில் அவரும், நடுவில் தலைசாய்த்து உட்கார்ந்திருக்கிற அந்தக் கோணல் பிள்ளையாரும்தான் மிச்சம்.