இடப்பக்கத்துக் கை

என் காரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் நண்பனைப் பற்றித்தான் எழுத வருகிறது. பரவாயில்லை. காரைவிட அவன் குறைவாகப் புகைவான்.

இருபது வருடங்களுக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் காரை வாங்கினோம். கறுப்பு நிறம், நான்கு கதவு, பிறப்பு இங்கிலாந்தில். வயதில் எங்கள் இருவருக்கும் மூத்தது. நான் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன். மீதி நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுகிறவன். எழுதியதைப் படித்துச் சிரித்தவர்களை இன்னும் சந்திக்கவில்லை. அவன் மிஷன் பள்ளி ஒன்றில் எழுத்தர். இருவருக்கும் பழைய கார் எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. ஆசைக்குக் காரணம் கேட்கிற கெட்ட பழக்கம் எங்கள் வீட்டுக்காரிகளுக்கு மட்டும்தான் இருந்தது.

இண்டிகேட்டர் என்கிற மினுக்கு விளக்குகள் வருவதற்கு முந்தைய காலத்து வண்டி அது. திரும்பப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்ல அதற்கு இரண்டு கைகள் இருந்தன. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குள், பக்கத்துக்கு ஒன்றாக, மடங்கிப் படுத்திருக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன விசை. அதைத் திருப்பினால் தூணுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகி இழுக்கும். 'டொக்' என்று சத்தம் வரும். ஒரு சாண் நீளத்துக்குக் கை வெளியே வந்து நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி பல்பு மஞ்சளாக எரியும். ரயில்வே கைகாட்டி குட்டி போட்டால் அப்படித்தான் இருக்கும்.

வலக்கை ஒழுங்கானது. சொன்னால் கேட்கும். இடக்கை அப்படியல்ல, பாதி நாள் தூணைவிட்டு வராது. அதற்கு மருந்து ஒன்றுதான்: உள்ளேயிருந்து தூணில் ஓங்கி ஒரு குத்து. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கத் தூண் எட்டாது. ஆகவே இந்த வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் ஓட்ட, ஒருவன் குத்த.

குத்துகிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேராக சிம்மக்கல்லில் என் வீட்டுக்கு வருவான். இடப்பக்கம் ஏறி உட்காருவான். ஆற்றைத் தாண்டி கோரிப்பாளையம் வந்ததும் நான் விசையைத் திருப்புவேன். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம். 'டொக்' வராது. அவன் தலையைத் திருப்பாமலேயே, தோளுக்குப் பின்னால் முஷ்டியை வீசித் தூணில் ஒன்று வைப்பான்.

"வந்துருச்சு. போ மாப்ள."

அந்த மூன்று வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அதற்கப்புறம் சோழவந்தான் சாலை, கால்வாய், வாழைத்தோட்டம், யாரோ ஒருவர் கடையில் டீ. எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாத பயணம். பேசியதெல்லாம் என்ன என்று யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. அவனுடைய தலைமையாசிரியர், என்னுடைய மேலதிகாரி, இருவரில் யார் பெரிய கொடுமை என்பதில் மட்டும் இருபது வருடமாகத் தீர்ப்பு வரவில்லை.

கோரிப்பாளையத்தில் எங்களுக்கு வேறொரு தொல்லை இருந்தது. அந்தக் கை என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இடப்பக்கம் நெருக்கிக்கொண்டு பைக்கில் வருகிறவர்களுக்கு, காரிலிருந்து ஏதோ கழன்று தொங்குகிறது என்றுதான் தோன்றும். மதுரைக்காரன் ஒரு பொருள் தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டான்.

"அண்ணே, ஒங்க வண்டியில என்னமோ பிதுங்கி நிக்கிது!" என்று ஒருவர் கத்துவார். நாங்கள் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் ஓடும் பைக்கிலிருந்தே கையை நீட்டி, அதைப் பத்திரமாக உள்ளே தள்ளி மூடிவிடுவார்.

"மூடிட்டேண்ணே, போங்க!"

நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? நன்றி சொல்லிவிட்டுப் பார்த்தால் நாங்கள் திரும்பப் போவது யாருக்கும் தெரியாது. பின்னால் வருகிற ஷேர் ஆட்டோக்காரர் எங்கள் குலத்தை விசாரிப்பார். நண்பன் மறுபடியும் குத்துவான். கை வரும். அடுத்த நல்லவர் வந்து மூடுவார். ஒரு தடவை ஒரே திருப்பத்தில் மூன்று நல்லவர்கள்.

"இந்த ஊர்ல கெட்டவன் கொஞ்சம் கூட இருந்தா நல்லாருக்கும் மாப்ள" என்றான் அவன்.

அந்தக் கைகளைப் படுத்தியதற்கு ஊரை மட்டும் குறை சொல்வது சரியில்லை. ஒரு ஆயுத பூஜைக்கு நானே இரண்டு கைகளையும் வெளியே நீட்டவைத்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்து, ஆளுக்கொரு சாமந்தி மாலையும் தொங்கவிட்டேன். விசையை அணைக்க மறந்துபோனேன். பூஜை முடிவதற்குள் சுருள் சூடாகி, சாம்பிராணியை மீறிக்கொண்டு ஒரு வாடை வந்தது. நண்பன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், பொரி வாங்க வந்தவன். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒங்க சாமி எதையோ ஏத்துக்கிருச்சு போல" என்றான். புதுக் கம்பி சுற்ற அவன்தான் கொண்டுபோனான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், உறவில் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் நான் ஊரில் இல்லை. சாவி அவனிடம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் வண்டிக்குக் கைகள் இல்லை. தூணில் இருந்த இரண்டு பொந்துகளையும் தகடு வைத்து அடைத்து, பட்டி பார்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தான். முன்னும் பின்னும் நான்கு மஞ்சள் விளக்குகள். விசையைத் தட்டினேன். 'டிக் டிக் டிக்' என்று ஊரிலுள்ள எல்லாக் கார்களையும் போல மினுக்கியது.

"எதுக்குடா?" என்றேன்.

"பாதுகாப்பு மாப்ள. ஒருத்தனுக்கும் புரியல அது. இப்ப நீ பாட்டுக்கு ஓட்டலாம்."

அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அப்போதே ஏதாவது தெரிந்திருக்கும். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"இந்த வண்டியில ஒனக்குன்னு இருந்த ஒரே வேல அதான். அதையும் கழட்டிட்டியா? இனி நீ எதுக்கு?"

எழுதும்போது ஒரு நல்ல வாக்கியத்துக்கு நான் அரைநாள் மோட்டுவளையைப் பார்ப்பேன். இந்த வாக்கியம் யோசிக்காமலே வந்தது. அவன் சாவியை பானெட்டின் மேல் வைத்தான். "வாரேன்" என்று சொல்லாமல் போனான். எங்கள் பக்கத்தில் போகிறவன் 'வாரேன்' என்றுதான் சொல்வான். சொல்லாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பிறகு மூன்று வருடம் நாங்கள் பேசவில்லை. அவன் வீடு ஆனையூரில். என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் போதாது. மதுரையில் ஒருவரைப் பற்றிய செய்தி காதில் விழாமல் இருக்க வேண்டுமானால் அதற்குத் தனியாகப் பாடுபட வேண்டும். நான் பட்டேன். அவன் பெயரை எடுக்கும் டீக்கடையை மாற்றினேன். அவன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் எதிரில் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்தேன். மினுக்கு விளக்கோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய்ப் பார்த்தேன். சோழவந்தான் சாலை முன்பைவிட நீளமாக இருந்தது. இடப்பக்கம் திரும்புவதற்கு ஒரு விரல் போதும் என்பது அவ்வளவு அவமானமான விஷயம் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. அப்புறம் வண்டியை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

"போயிப் பேசிட்டு வாங்களேன். ஒங்களுக்கு இருக்குறதே ஒரு ஆளு" என்பாள் மனைவி.

"அவன்தானே கழட்டுனான்?"

"எத? நட்டையா, ஒங்களையா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். வீட்டில் நகைச்சுவை எழுத்தாளர் யார் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

இந்த வருடம் மழைக்கு முன்னால் டிக்கியைச் சுத்தம் செய்தபோது, ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு துணி மூட்டை கிடைத்தது. பழைய வெள்ளைச் சட்டையைக் கிழித்துச் சுற்றியிருந்தான். பிரித்தால் இரண்டு கைகளும். துரு ஏறாமல் எண்ணெய் பூசி, சுருள் தனியாக, திருகாணி தனியாகக் காகிதத்தில் மடித்து, எது இடம் எது வலம் என்று தன் அழகான அலுவலகக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தான். வேண்டாம் என்று கழற்றியவன் செய்கிற வேலை இல்லை அது.

நேராக அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் நேராக எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஆண்பிள்ளைகள் மன்னிப்புக் கேட்பதற்கு முன் எதையாவது ரிப்பேர் செய்வோம்.

"எல்லாரும் பழசக் கழட்டத்தாண்ணே வருவாக. நீங்க மாட்ட வாரீக" என்றார் எலக்ட்ரீஷியன். தகட்டைப் பிரித்து, பொந்தைத் திறந்து, இரண்டு நாளில் மாட்டிக் கொடுத்தார். வலக்கை வந்தது. இடக்கை வரவில்லை. "சரி பண்ணிரவாண்ணே?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவனை மறுபடி அந்த இருக்கையில் உட்காரவைக்க வேண்டும். எனக்கு அப்போது வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில் அவன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஹாரன் அடிக்கத் தைரியம் இல்லை. அவனே கதவைத் திறந்துகொண்டு வந்தான். கைலி, சட்டை இல்லை, தோளில் ஈரத்துண்டு. இளைத்திருந்தான்.

"என்னா மாப்ள, பொண்ணு பாக்கவா போற? வண்டி இம்புட்டுப் பளபளப்பா இருக்கு" என்றான், நேற்று விட்டுப் போனவனிடம் பேசுவதுபோல.

பிறகு தூணைப் பார்த்தான். பொந்தில் விரலை வைத்துப் பார்த்தான்.

"மாட்டிட்டியா? கிறுக்கா."

"ஏறு" என்றேன். "ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

அவன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு காலத்தில் மூன்று வகுப்பறை தாண்டியும் கேட்கும் குரல். இப்போது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அண்ணன உள்ள கூப்பிடுங்க."

உள்ளே போனேன். நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தது தங்கச்சி; அவன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வலது கை மடியில் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்திருந்தது.

"சிம்மக்கல்லுல இருந்து ஆனையூர் வர மூணு வருசமா அண்ணே? டிராபிக்கு அம்புட்டா?"

இது எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீகள்ல, அப்பத்தான் டாக்டர் சொன்னாரு. போகப் போகத் தனியா விடக்கூடாதுன்னு. எனக்கு மாத்திர வாங்குறதுக்கு முன்னாடி ஒங்களுக்கு விளக்கு வாங்கிட்டாரு இந்த மனுசன். நான் போகலைன்னா அவன் லெப்ட்ல திரும்பமாட்டான், எங்கயாச்சும் முட்டிருவான்னு."

"ஏய், சும்மா இரு" என்றான் அவன்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்றேன் அவனிடம்.

"சொல்லத்தான் நின்னேன். நீ முந்திக்கிட்ட."

அன்றைக்கு நான் சொன்னதற்கு, என்று தொடங்கினேன். "என்ன சொன்ன? எனக்கு ஞாபகம் இல்ல" என்றான். இருபது வருடத்தில் அவன் ஒழுங்காகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க, நான் இருந்துக்கிருவேன்" என்றது தங்கச்சி. அவன் சட்டையைக்கூடத் தேடினான். ஒரு கை நுழைத்தான். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனது. டம்ளர் பாதி வழியிலேயே ஆடி, மடியெல்லாம் தண்ணீர். அவன் நுழைத்த கையை உருவிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் மடியைத் துடைத்தான். சட்டையை ஆணியில் மாட்டினான். அவன் ஏறமாட்டான் என்று எனக்கு அப்போதுதான் உள்ளே இறங்கியது. இன்றைக்கு மட்டுமல்ல.

வாசல்வரை வந்தான். "அடுத்த வாரம் வாரியா?" என்றான்.

"வாரேன்."

"பஸ்ல வா. வண்டியில வந்தா நீ வண்டியப் பத்தியேதான் பேசுவ."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ்ஸில் போகிறேன். நான் பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன்; தங்கச்சி என் உச்சரிப்பைத் திருத்தும். அவன் காய் நறுக்குவான். தலைமையாசிரியரா மேலதிகாரியா என்ற வழக்கு மறுபடி விசாரணைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. பொய் இல்லை.

ஆனால் பதினொரு மணி வாக்கில், வெயில் வாசற்படிக்கு வந்ததும், அவன் கத்தி அப்படியே நிற்கும். நான் ஒரு செய்தியைப் பாதியில் விட்டிருப்பேன். இருவரும் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். தெருவில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்துக்குச் சோழவந்தான் சாலைக் கால்வாயில் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ரெண்டு பேரும் எங்க போயிட்டீக?" என்று கேட்கும் தங்கச்சி.

"இங்கனதான் இருக்கேன்" என்பான் அவன். மீதிக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வான்.