எம்.எஸ்சி நர்ஸிங்கும் மூன்று பூப்பொட்டலங்களும்

இன்று ராஜபாளையம் பஸ்ஸில் என் சீருடையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண் கேட்டாள்: "சிஸ்டர், எம்.எஸ்சி நர்ஸிங்குக்கு எத்தன காலேஜுக்கு அப்ளை பண்ணலாம்?"

தொண்ணூறுகளில் எனக்கும் இதே கேள்விதான். மதுரை, கோயம்புத்தூர், சென்னை மூன்றுக்கும் போட ஆசை.

அம்மா மடவார் வளாகம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். ஊருக்கொரு பூவாகப் பொட்டலம் கட்டி, சாமி முன் போட்டு ஒன்றை எடுத்தோம். சென்னைக்கு வைத்த அரளி வந்தது.

"மத்த ரெண்டுக்கும் போட்டு வைப்பமேம்மா."

"சாமி சொன்ன பொறவுமா? நம்பிக்கை இல்லேன்னுல்ல ஆயிரும்!"

சென்னைக்கு மட்டும் போட்டேன். கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம். ஓய்வு பெறும் வயதாகிவிட்டது, இன்னும் வெறும் பி.எஸ்சிதான்.

"எல்லாத்துக்கும் போடும்மா. எதுல சேரணும்னு சீட்டு கிடைச்ச பொறவு சாமிகிட்ட கேட்டுக்கலாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். ஜன்னலோரம் இருந்த அவள் அம்மா சிரிக்கவில்லை.

"நேத்தே பூக்கட்டிப் பாத்தாச்சு சிஸ்டர். ஒண்ணுதான் வந்திருக்கு" என்றார் அந்த அம்மா.

அந்தப் பெண் ஏன் என்னிடம் கேட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது.

சாமியிடம் அப்பீல் போட்டு ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.