யார் சொன்னாலும் நின்ற மோட்டார்

திருப்புல்லாணிக்கு மேற்கே விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் சேதுலட்சுமி. பாலிடெக்னிக் முடித்து 2008-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கன்ட்ரோல் ரூமில் ஒப்பந்த வேலை பார்த்தாள். மோட்டாரை ஓடவும் நிற்கவும் சொல்லும் கட்டளைகள் அங்கிருந்து ரேடியோ வழியாக நீரேற்று நிலையத்துக்குப் போகும்.

பங்குனியில் ஒரு காலை, கன்ட்ரோல் ரூமிலிருந்து யாரும் சொல்லாமலே மோட்டார் நின்றது. கரண்ட் கோளாறு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வாரம் அந்தக் கட்டளைகளை லேப்டாப்பில் பிடித்துப் பார்த்தாள். அனுப்புவது கன்ட்ரோல் ரூம்தானா என்று மோட்டார் பக்கம் சரிபார்ப்பதே இல்லை.

பொறியாளர் பூமிநாதனிடம் சொன்னாள்.

"நம்ம பம்ப்ப எவன்மா வந்து நிறுத்தப் போறான்? எழுதிக் குடு, பாப்போம்."

எழுதிக் கொடுத்தது மேசையிலேயே கிடந்தது. வைகாசியில், ஸ்டோரில் கிடந்த பழைய ரேடியோவை லேப்டாப்பில் மாட்டி, பிடித்து வைத்திருந்த 'நில்' கட்டளையை அனுமதி கேட்காமல் அவளே அனுப்பினாள். மோட்டார் நின்றது.

வழக்கமாக முதலில் வால்வை மெல்ல மூடும் கட்டளை போகும், அப்புறந்தான் மோட்டாருக்கு 'நில்' போகும். அவள் அதை யோசிக்கவில்லை. ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி அடித்து மெயின் குழாய் வெடித்தது. ஏழு ஊருக்கு நாலு நாள் தண்ணீர் இல்லை. அவள் ஊரும் அதில் ஒன்று.

அம்மா பஞ்சம்மாள் ஊற்றிலிருந்து கலங்கல் தண்ணீரோடு வந்தாள். "எந்தப் பாவி ஒடச்சானோ."

சேதுலட்சுமி குடத்தை வாங்கி இறக்கினாள். "நாந்தாம்மா."

"வேணும்னா செஞ்ச?"

"நிக்குதான்னு பாக்கத்தான் செஞ்சேன். ஒடையும்னு நெனைக்கல."

"அத ஆபீசுல போயிச் சொல்லு. இங்கன ஏன் சொல்ற?"

மறுநாள் எல்லாவற்றையும் எழுதி நீட்டினாள். பூமிநாதன் இரண்டு தரம் படித்தார்.

"குழா பழசுன்னு எழுதிட்டேன். இதக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு."

"கிழிச்சா எவன் வேணா நிறுத்தலாங்கிற வழி அப்படியே தொறந்துதான கெடக்கும் சார்."

அன்றே ஒரு நகலைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதினைந்தாம் நாள் வேலை போயிற்று. அதே மாதம் ரேடியோக் கட்டளையை நிறுத்தி, மோட்டாரைக் கையால் போட்டு நிறுத்த நீரேற்று நிலையத்தில் ஆள் வைத்தார்கள். பங்குனியில் நிறுத்தியது ஆளா கோளாறா என்பது கடைசிவரை தெரியவில்லை. அனுப்புவது யாரென்று சரிபார்க்கும் கருவி மறு வருஷம் வந்தது.

அப்போது அவள் மதுரையில் ஒரு மில்லில் வேலையிலிருந்தாள். குழாய் உடைந்தது யாரால் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது; அவள் வந்தால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். தன் முறை வரும்வரை தலை குனியாமல் நிற்பாள்.