மூட்டைக்குள் நின்ற கடிகாரம்

சென்ற வாரம் வலங்கைமானிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் பாலத்தில் வண்டி நின்றது. முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ நிறைய விதைநெல் மூட்டைகள், நீர் சொட்டச் சொட்ட. ஊறிய நெல்லின் புளித்த வாடை ஜன்னல் வழியே வந்ததும் என் கை தானாகக் கைப்பேசியை எடுத்து மணி பார்த்தது. பக்கத்து இருக்கை அம்மா, "எறங்கற எடம் வந்துருச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். விதைநெல் வாடை வந்தால் மணி பார்க்கும் ஒரே ஆள் உலகில் நானாகத்தான் இருப்பேன்.

இந்தப் பழக்கம் வந்தது, தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்த வாரமே தெருவில் இருந்த பழுதான மிக்ஸி எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. மிக்ஸி எனக்குச் சரியாக வராது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் தீப்பெட்டி அளவில் ஒரு புதிய கணினிப் பலகையைச் செய்துகொண்டிருந்தது. நாம் எழுதும் நிரலை ஏற்றினால் சொன்னதைச் செய்யும். விளக்கு எரிக்கும், சூடு அளக்கும், மணி காட்டும். தொழிற்சாலைக்கு அனுப்பும் முன் அதைச் சோதித்துப் பார்க்கப் பல நாடுகளிலிருந்து ஆட்களைச் சேர்த்தார்கள். விண்ணப்பத்தில் 'உங்கள் ஆய்வகத்தைப் பற்றி எழுதுங்கள்' என்று ஒரு கேள்வி. 'ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், கரண்ட் இருக்கும்போது ஒரு ஃபேன்' என்று எழுதினேன். என்ன நினைத்தார்களோ, சேர்த்துக்கொண்டு எல்லாருக்கும் போல எனக்கும் இரண்டு பலகை அனுப்பினார்கள்.

இணையத்தில் கூடிய அந்தக் குழுவில் ஒரு விதி இருந்தது. நாம் சொல்லும் கோளாறு மூன்று முறை 'பயன்படுத்துபவரின் தவறு' என்று திரும்பி வந்தால் பலகைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளியேற வேண்டும். முதல் மாதத்திலேயே நான் இரண்டு வாங்கியிருந்தேன். பலகைக்கு உயிரே இல்லை என்று எழுதினேன். நான் செருகியிருந்தது சார்ஜ் மட்டும் ஏறும் வயர். சூட்டைக் கூடுதலாகக் காட்டுகிறது என்று எழுதினேன். பலகையை வைத்திருந்தது மடிக்கணினியின் வெப்பக்காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில். குழுவில் சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன், வேறு என்ன செய்வது.

அந்த ஆண்டுதான் அப்பா முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார். அதுவரை அவரும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். சம்பாவுக்கு விதைநெல்லை ஊறவைத்து, கோணியில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே கல் ஏற்றி முளைகட்ட வைத்தார்கள். உள்ளே சூடு ஏறினால்தான் முளை வரும். மீறினால் விதை வெந்துவிடும். அம்மா மூட்டைக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பாள். அதை என் பலகையால் அளக்க ஆசைப்பட்டேன்.

"என் கைக்குத் தெரியாததா அந்த டப்பாவுக்குத் தெரியப்போவுது?"

"உன் கை சூடுன்னுதாம்மா சொல்லும். இது எவ்வளவு சூடுன்னு சொல்லும்."

"சொன்னா மட்டும் நெல்லு பயந்துகிட்டு மொளைக்குமா?"

சூடு அளக்கும் வயரின் நுனியை மட்டும் மூட்டைக்குள் விட்டு, பலகையைப் பேட்டரியோடு ஓட்டை போட்ட டப்பாவில் போட்டு வெளியே செங்கல் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் செங்கல் இருக்கிறது, பலகையைக் காணோம்.

"அதுவா பாப்பா? வெளில விழுந்து கெடந்துச்சு. மூட்டைக்குள்ள சொருவி நல்லா மூடிட்டேன்" என்றார் அப்பா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரித்து எடுக்கலாம் என்றால், "இப்பப் பிரிச்சா சூடு போயிரும், காலைல எடுத்துக்க" என்று தடுத்துவிட்டார். அம்மா சமாதானம் சொன்னாள்: "விடுடி, அதுவும் மொளைக்கட்டும்."

காலையில் மூட்டையைப் பிரித்தார்கள். வெள்ளை வெளேரென்று முளை வந்திருந்தது. பலகையில் விளக்கு எரிந்தது, சூட்டையும் சரியாகக் காட்டியது. ஆனால் அதன் கடிகாரத்தில் இன்னும் முந்தின நாள் மத்தியானம். வெயிலில் காயவைத்ததும் ஒன்றுமே நடக்காததுபோலக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

எழுதி அனுப்பினேன். சோதனைப் பொறுப்பாளர் ஒரே வரியில் பதில் போட்டார்: "தண்ணீரில் போட்டால் எந்தப் பலகையும் நிற்கும்." தண்ணீரே படவில்லை, ஈரக்காற்றுதான், கடிகாரத்தைத் தவிர எல்லாம் ஓடியது என்று திரும்ப எழுதினேன். தங்கள் ஆய்வகத்தில் அப்படி நிற்கவில்லை என்றார். ஒரு வாரத்தில் பலகை தொழிற்சாலைக்குப் போகிறது. அதற்குள் வேறு ஒருவர் பலகையிலாவது இது நடக்காவிட்டால், என் மூன்றாவது தவறாகிவிடும்.

அவர்கள் நிற்கவில்லை என்றது பொய்யல்ல. குளிர்பதன அறையில் எப்படி நிற்கும்? அவர்களிடம் விதைமூட்டை ஏது? இதையே யோசித்துக்கொண்டு கல்லூரிக் கேண்டீனில் உட்கார்ந்திருந்தபோது தட்டில் பயறுச் சுண்டல் வந்தது. நெல் இல்லாத ஊர் இருக்கலாம். பயறு இல்லாத ஊர் உண்டா?

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடிப் பயறை ஊறவையுங்கள். ஈரத்துணியில் கட்டுங்கள். ஓட்டை போட்ட பையில் ஒரு பலகையையும், காற்றுப் புகாத பையில் இன்னொரு பலகையையும் உள்ளே வையுங்கள். கதகதப்பான இடத்தில் ஒரு நாள் விடுங்கள். சூடு இரண்டுக்கும் ஏறும், ஈரம் ஒன்றுக்குத்தான் படும்.

"என்னடி எழுதுற?" அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பயறு மொளைகட்டுறது எப்படின்னு, வெளிநாட்டுக்காரங்களுக்கு."

"இதுக்காடி உன்னைப் படிக்க வச்சோம்!"

மூன்றாம் நாள், பனி கொட்டும் ஊரில் இருந்த ஒரு பெண் ஒரு படம் போட்டாள். துணியில் முளைவிட்ட பயறு, நடுவில் பலகை. கீழே ஒரே சொல்: "நின்றுவிட்டது." மூடிய பையில் இருந்தது ஓடிக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு கொண்டைக்கடலை போட்ட ஒருவர், கொள்ளு போட்ட ஒருவர் என்று வரிசையாக வந்தார்கள். "கடிகாரம் நின்றது, பயறு சுவையாக இருந்தது" என்று ஒருவர் எழுதினார். கடைசியில் பொறுப்பாளரே தன் அலுவலக மேசையில் பயறு கட்டினார். அவர் பலகையிலும் கடிகாரம் நின்றது.

காரணத்தையும் அவரே கண்டுபிடித்து எழுதினார். கடிகாரத்துக்குத் துடிப்புத் தரும் சின்னப் படிகம் பலகையின் ஓரத்தில் திறந்து கிடந்தது. அதன் இரண்டு கால்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து துடிப்பை நிறுத்தியிருந்தது. ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து மூடினால் போதும். தொழிற்சாலை வேலையை நிறுத்திவைத்து அதைச் செய்தார்கள். என் பெயருக்கு எதிரே மூன்றாவது தவறு ஏறவே இல்லை. முந்தைய இரண்டையும் நான் அழிக்கச் சொல்லவில்லை. அவை என் தவறுகள்தானே.

அப்பாவிடம் சொன்னபோது அவர் நடவு ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "அப்ப நான் உள்ள சொருவுனதாலதான் கம்பெனிக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அன்று முழுக்க வயலில் அதே பேச்சு. என் பெயர் அதில் கொஞ்சமாகத்தான் வந்தது.

பலகை கடைகளுக்கு வந்ததும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். நாங்கள் பேசிய பக்கம் இப்போது திறப்பதில்லை. பனி ஊர்ப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. மார்க்கர் பேனாவால் எண் எழுதிய அந்த முதல் பலகைகளும் எங்கெங்கோ போயிருக்கும். இதற்கெல்லாம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அவற்றோடு இன்னொன்றும் உலகத்தைவிட்டுப் போய்விட்டது: அந்தக் கோளாறு. எவ்வளவு ஈரத்தில் போட்டாலும், எந்த நாட்டில் வாங்கிய பலகையானாலும், இனி யாராலும் அதைப் பார்க்க முடியாது. அதைப் போகச் செய்தவள் நான்.