ஆழித்துறைக்கு ஒன்பது பிழைவழிகள்

எங்கள் தங்கை மறைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில் இக்கட்டுரையை எழுதிவைக்கும் கடமை ஒரு பிழையால் எனக்கு நேர்ந்தது. அப்பிழை தங்கையுடையதன்று, என்னுடையது. பிறருடைய வலைத்தளங்களை இணையத்தில் குடியமர்த்திக் காக்கும் தொழிலுக்காக அவர் தொடங்கிய 'ஆழித்துறை' நிறுவனத்திற்கு, இணையத்தில் சரியான பெயர் ஒன்றும் பிழையான பெயர்கள் ஒன்பதும் உள்ளன. இணையப் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். விட்டுவிட்டால் முன்பின் அறியாத எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

"மாமா, தப்பான ஒம்பதையும் வச்சுக்கிடணுமா, விட்ருவமா? இந்த மாசத்துக்குள்ள சொல்லிருங்க" என்று தங்கை மகள் கேட்டிருக்கிறாள். தமிழாசிரியனாய் வாழ்நாளெல்லாம் பிழைகளைச் சிவப்பு மையால் அடித்தவனிடம் கேட்கத்தக்க கேள்விதான். விடை கூறுமுன், அவ்வொன்பதும் எவ்வாறு வந்தன என்பதை உற்றாரும் நண்பரும் அறிதல் வேண்டும்.

தங்கை சாத்தான்குளத்தில், பள்ளி ஆசிரியராயிருந்த எங்கள் தந்தையாருக்கு இரண்டாம் மகவாய்ப் பிறந்தார். எனக்கு ஆறாண்டு இளையவர். லகர ளகர ழகரங்கள் அவர் கையில் ஒருநாளும் ஒழுங்காய் நின்றதில்லை. 'வாளப்பளம்' என்று எழுதுவார். நான் அடித்துத் திருத்தி, பத்து முறை எழுதச் சொல்வேன். அழாமல், முகம் சுளிக்காமல் எழுதி வந்து ஏட்டை நீட்டுவார்.

"பத்து தடவயும் எழுதியாச்சு. இப்பவும் அது தின்னுத பளந்தானண்ணே?"

விடுமுறை நாள்களில் தந்தையார் எங்களைத் தூத்துக்குடிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வார். சில காலைகளில் கடலும் வானும் ஒரே வெண்மையாய்க் கலந்து, இடைப்பட்ட கோடு மறைந்துவிடும். துறைமுகத்துள் நுழைய முறை வேண்டி நிற்கும் கப்பல்கள் அந்த வெண்மையின் நடுவே, எதன்மேலும் இல்லாமல், யாரோ நினைத்துப் பாதியில் விட்ட எண்ணங்களைப் போல மிதக்கும்.

"அண்ணே, அந்தக் கப்பலு எதுமேல நிக்கி?"

"நீரின் மேல்."

"தண்ணியக் காணுமே!"

அந்தக் கேள்வியை அவர் பின்னாளிலும் மறக்கவில்லை.

துறைமுகத்தில் பணியாற்றியவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடியிலேயே குடியமர்ந்தார். மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் மைத்துனர் நெஞ்சுவலியால் காலமானார். துயரத்தை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் தங்கைக்கு இல்லை. கப்பல் முகவர் ஒருவருடைய அலுவலகத்தில் கணினிப் பணிக்குச் சேர்ந்தார். அங்கே ஒருமுறை அலுவலக வலைத்தளம் மூன்று நாள் காணாமற்போயிற்று. அதைக் காத்துவந்த தொலைதூர நிறுவனத்தை அழைத்தால், பதிவுசெய்த குரலொன்று காத்திருக்கச் சொல்லிப் பாட்டிசைத்தது. சன்னல் வழியே கடலைப் பார்த்தபடி தங்கை எண்ணியதை அன்று மாலை என்னிடம் கூறினார்.

"கப்பலு கடல்மேல நிக்கி. சரி. இந்தப் பக்கமெல்லாம் எதுமேலண்ணே நிக்கி? யாரோ ஒருத்தர் அதத் தாங்கிக்கிட்டு இருக்கணும்லா? அந்த ஒருத்தர் கூப்ட்டா 'என்ன'ன்னு கேக்கணும்லா?"

தொழில் தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டேன்.

"சென்னைல பெரிய சர்வர்ல எடம் பிடிக்கணும். அதச் சின்னச் சின்ன அறையாத் தடுத்து நம்ம ஊர்க் கடை, பள்ளிக்கூடம், ஆபீசுன்னு குடிவைக்கணும்."

"சர்வர் என்னாதே. வழங்கி என்க."

"சரிண்ணே, வழங்கி. வழங்கி அங்கன இருக்கும், நான் இங்கன இருப்பேன். போன் அடிச்சா எடுக்கணும். அம்புட்டுத்தான் தொழிலு."

அம்மட்டில் முடியவில்லை. ஒன்று அறுந்தால் மற்றொன்று நிற்க இரண்டு இணைய இணைப்புகள், மின்வெட்டுக்கு மின்கலங்கள், ஒவ்வொரு தளத்தையும் படியெடுத்து வைக்க மூன்று வெவ்வேறு இருப்பிடங்கள் என்று அவர் ஒவ்வொன்றாய் அமைத்தார். உப்புக்காற்று கணினியின் செப்பு முனைகளில் பச்சை பூக்கச் செய்யும், வாரந்தோறும் துடைப்பார். துடைத்தபின், தாமே உருவாக்கிய வெற்றுத் தளமொன்றை வேண்டுமென்றே அழித்து, படியிலிருந்து மீட்டெடுத்துப் பார்ப்பார். "எடுத்து வைக்கது பெரிசில்லண்ணே. கேட்டா திரும்பி வருதான்னு பாக்கணும்" என்பார்.

பெயர் சூட்டும் பொறுப்பை எனக்களித்தார். அங்கேதான் என் பிழை தொடங்குகிறது. ஆழி என்பது கடல், கலங்கள் தங்குமிடம் துறை, சேர்ந்தால் ஆழித்துறை. இடையில் ஒற்று மிகும். அவ்வொற்று ஆங்கில எழுத்திலும் விடுபடலாகாது, ழகரத்துக்குரிய ஈரெழுத்தும் வேண்டும், முதல் நெடிலுக்கு இரண்டெழுத்து வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்துகள் வந்தன. மகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, இத அடிச்சு முடிக்கதுக்குள்ள கப்பலே கொழும்பு போயிரும்" என்றாள். "மாமா வச்ச பேரு" என்று மட்டும் சொல்லித் தங்கை அதையே பதிந்தார்.

செபத்துடன் தொழில் தொடங்கிய அன்று சாத்தான்குளத்திலிருந்து வாழ்த்து மின்மடல் விடுத்தேன். அது திரும்பி வந்துவிட்டது. உடனே அழைத்து, உன் இயந்திரம் முதல் நாளே பழுது என்று கடிந்துகொண்டேன்.

"திரும்பி வந்ததுல என்ன முகவரி போட்ருக்குன்னு வாசிங்கண்ணே, பாப்போம்."

எழுத்தெழுத்தாய்ப் படித்தேன். மறுமுனையில் ஏடு புரளும் ஓசை கேட்டது.

"ஆமாண்ணே. மிசின்ல சின்னக் கோளாறு. நாளைக்குச் சரியாயிரும். இதே முகவரிக்கு அனுப்புங்க."

மறுநாள் மடல் சென்று சேர்ந்தது. கோளாறு நீங்கியது குறித்து மகிழ்ந்தேன்.

பின்னர்ப் பல தமிழ் மன்றங்களில், தூய தமிழ்ப் பெயரால் தொழில் தாழாது என்பதற்குத் தங்கையின் நிறுவனத்தைச் சான்று காட்டிப் பேசியிருக்கிறேன். சிப்பிப் பொருள் விற்போர், உப்பு வணிகர், பள்ளிகள், கப்பல் முகவர்கள் என்று குடிவந்தோர் பலர். ஒரு பெருமழையில் நகரத் தெருக்களில் நீர் நின்று, வீடுகள் நங்கூரமிட்ட கலங்களைப் போலக் காட்சியளித்தன. அப்போதும் அவர்களுடைய தளங்களில் ஒன்றும் மறையவில்லை. தங்கை மாடியில் அமர்ந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டேயிருந்தார். "நம்ம பக்கம் நிக்குதா தாயி?" என்று கேட்டவர்க்கெல்லாம், "நிக்கி அண்ணாச்சி, நீங்க மொதல்ல மாடிக்கு ஏறுங்க" என்றே மறுமொழி.

மூச்சுக்குழல் நோய் அவரை மெல்ல மெல்ல இளைக்கச் செய்தது. மருத்துவமனையில் ஒரு பிற்பகல் என் கையைப் பற்றி, "அண்ணே, பேர மட்டும் விட்ராதீய" என்றார். குடும்பத்தின் நற்பெயரைக் குறித்தார் என்று கொண்டு, காப்பேன் என்று உறுதி கூறினேன். அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துச் சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாளில் அமைதியாய் இறைவனடி சேர்ந்தார்.

அடக்கத்தன்று வேம்பாரிலிருந்து வந்த உப்பு வணிகர் ஒருவர் என்னருகில் அமர்ந்தார்.

"நீங்கதான் பேரு வச்ச அண்ணாச்சியா? என்னா பேருங்கேன்! ஆரம்பத்துல அடிச்சு அடிச்சு வெரலு ஓஞ்சுபோச்சு. அங்கன ஒண்ணுமே இல்லன்னு வரும். 'ஏளா, பேர மாத்து, இல்லன்னா கடைய மூடு, ஒருத்தனும் வந்து சேரமாட்டான்'னு நானே ஏசுனேன். மாத்தமாட்டேன்னுட்டா. 'நீங்க எப்பிடி எழுதுதீய, அதச் சொல்லுங்க'ன்னு கேட்டா. மறுவாரம் என் தப்பான பேர அடிச்சேன், கதவு தெறந்துட்டு!"

முதல் மாதங்களில் தொழில் மூடும் நிலைக்கு வந்ததை அன்றுதான் அறிந்தேன். பெயரை மாற்றினால் என் மனம் வருந்தும் என்று, பிழையாய் எழுதுவோர் ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவ்வப் பிழைப்பெயரையும் தம் செலவில் பதிந்து, எவ்வழி வந்தாலும் ஆழித்துறையை அடையுமாறு செய்திருக்கிறார்.

சென்ற வாரம் தங்கை மகள் ஒரு குறிப்பேட்டைக் கொணர்ந்தாள். ஒன்பது பெயர்களும் வரிசையாய் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் அப்பிழை யாருடையது என்ற குறிப்பு: வேம்பார் அண்ணாச்சி, சிப்பிக்கடை அக்கா, பள்ளிக்கூடத்து எழுத்தர்... வரிசையின் முதற்பெயரில் அந்த ஒற்று இல்லை. ஒரு மணி நேரம் நான் விளக்கிய அதே ஒற்று. அதற்கெதிரே தங்கையின் கையெழுத்தில், 'அண்ணன். தொடக்க நாள் மடல்' என்றிருந்தது. அதன்கீழ் ஒரு வரி: 'அண்ணனுக்கே வளி தப்புச்சுன்னா ஊருக்குத் தப்பாதா?'

அன்று பழுதுபட்டது இயந்திரமன்று. 'வளி' என்றெழுதிய அந்தச் சொல்லைத் திருத்த என் கை எழவில்லை.

ஆகவே தங்கை மகளுக்கு என் விடை இது: ஒன்பதையும் புதுப்பித்துவிடு, தாயே. நான் உள்ளவரை அதன் செலவு என் பொறுப்பு. "பேர விட்ராதீய" என்றதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று.

நோயில் உடனிருந்த செவிலியர்க்கும், செபித்த சபையார்க்கும், அடக்கத்தில் தோள்கொடுத்த துறைமுக நண்பர்க்கும், தம் பிழைகளை மறைக்காமல் தங்கையிடம் சொல்லி உதவிய வாடிக்கையாளர் அனைவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

இக்கட்டுரையில் பெயரிலோ நிகழ்ச்சியிலோ எழுத்திலோ பிழை காண்பவர் அன்புகூர்ந்து எனக்குத் திருத்தி எழுதுக. முகவரி ஆழித்துறைதான். ஒற்றோடு எழுதினாலும், ஒற்றின்றி எழுதினாலும் வந்து சேரும்.