நேரம் என்றால் குற்றம்

போன வியாழக்கிழமைதான் ரிசல்ட் வந்தது. அதுவரை இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று பார்கவி சொல்லி வைத்திருந்தாள். இப்போது அனுமதி கிடைத்துவிட்டது.

பார்கவி யார் என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டு முன் போர்ஷனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண். வயது இருபத்தேழு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் நோட்டில் பென்சிலால் எழுதித் தருவதை, டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவது அவள்தான். இதையும் அவள்தான் அடிக்கப் போகிறாள். எங்காவது ஒரு வரி குறைந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

திருத்தணியில் பாதிப் பேருடைய விண்ணப்பங்கள் அவள் கையால் போனவை. சாதிச் சான்றிதழ், பட்டா மாற்றம், ஸ்காலர்ஷிப்... ஒன்றிலும் ஓர் எழுத்து தப்பாது. அப்படிப்பட்டவள் தன் சொந்த விண்ணப்பத்தில் கோட்டை விட்டாள்.

திருப்பதியில் ஒரு சட்டக் கல்லூரி. நுழைவுத் தேர்வு எழுதினால்தான் இடம். கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள், ‘மொழி’ என்ற கட்டத்தில் ‘தெலுங்கு’ என்று தட்டிவிட்டாள். எத்தனை பேரிடம் ‘தாய்மொழி என்னங்க?’ என்று கேட்டுக் கேட்டு நிரப்பியிருப்பாள்? கைப்பழக்கம். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்குதான். பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் அவர்கள் கேட்டது தாய்மொழியை இல்லை. வினாத்தாள் எந்த மொழியில் வேண்டும் என்பதை.

பார்கவி பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். டிகிரி இங்கிலீஷில். தெலுங்கு அவளுக்கு வாயில் உண்டு, காதில் உண்டு – கண்ணில் கிடையாது. எழுத்துக்கூட்டி அம்மா என்றுகூடப் படிக்கத் தெரியாது.

ஃபைலில் வைக்க ஒரு பிரிண்ட் எடுத்தபோதுதான் பார்த்திருக்கிறாள். திருத்தம் செய்யும் கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. தேர்வுக்கு இருந்தது நாற்பது நாள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு, அதில் திரை. ஆள் இருந்தால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன், காது மட்டும் போகும். அன்றைக்கு மிஷின் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மிஷினை அணைத்துவிட்டு, அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போச்சு பெரிம்மா. பாவா கம்பெனிதான்.”

அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பார்கவியின் அப்பா – அவள் நைனா என்பாள் – ஒரே ஒரு தடவைதான் எழுதலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் கடையை விட்டுவிட்டு, சென்னையில் அவளுடைய பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வேலை செய்யும் கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும். நல்ல கம்பெனிதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவளுக்கு வேறு ஆசை. கோர்ட்டில் இருந்து நோட்டீஸ் வந்தவர்கள் காப்பி எடுக்க வருவார்கள். எடுத்து முடித்ததும், “இதுல என்னாம்மா எழுதிகிது?” என்பார்கள். அவள் படித்துச் சொல்லுவாள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அதுக்கு நா இப்ப என்னா செய்யணும்?” அதற்கு அவளிடம் பதில் கிடையாது. காப்பி மட்டும் உண்டு. “பதிலும் தரணும் பெரிம்மா” என்பாள்.

அந்தச் சமயத்தில் உள்ளே வந்தவள் சுஜாதா.

பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பம். பார்கவியைவிட மூன்று வயது சின்னவள். பன்னிரண்டாவது வரைக்கும் தெலுங்கு மீடியம். அதே கல்லூரிக்கு விண்ணப்பம் போட பார்கவியிடம்தான் வந்திருந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு, தர்க்கக் கேள்விகள் எல்லாம் பார்கவி சொல்லித் தருவாள். (பேச்சு பாதி தெலுங்கில்தான் நடக்கும். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

விஷயத்தைக் கேட்ட சுஜாதா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

“அக்கா, உனக்குப் பேசத் தெரியும். கேட்டா புரியும். எழுத்துதானே தெரியாது? ஐம்பத்தி சொச்சம் எழுத்து. நாப்பது நாள் இருக்குது.”

“ஒண்ணாங்கிளாஸ்ல சேரச் சொல்றியா?”

“ஆங். நாளைக்கே.”

மறுநாள் காலை ஆறரைக்குக் கடையில் குழந்தைகளுக்கான தெலுங்கு எழுத்து சார்ட் தொங்கியது. டீச்சர் பயங்கரக் கண்டிப்பு.

“அக்கா, அது ‘ப’ இல்ல, ‘வ’. மேல இருக்கிற டிக் ஒட்டிகினு இருந்தா ‘வ’, விலகி இருந்தா ‘ப’. எத்தினி தபா சொல்றது?”

“எல்லா எழுத்துக்கும் தலையில டிக் போட்டு வெச்சிருக்கீங்க. எல்லாமே கரெக்ட்டுன்னு நெனச்சிகினேன்.”

பத்து நாளில் எழுத்துக் கூட்ட வந்துவிட்டது. ஆனால் நுழைவுத் தேர்வு என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கிற இடமா? ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட முழுதாகக் கிடைக்காதாம். வேகம் எங்கே போய் வாங்குவது?

சுஜாதா கண்டுபிடித்த இடம் – பஸ் ஸ்டாண்டு.

ஆந்திரா பஸ்கள் திருத்தணிக்குள் வந்துபோவது உங்களுக்குத் தெரியும். போர்டு தெலுங்கில். பஸ் திரும்புவதற்குள் பார்கவி போர்டைப் படித்துச் சொல்ல வேண்டும். தப்பினால் அடுத்த பஸ். தினமும் காலையில் ஒரு மணி நேரம், ஒரு கையில் டிபன் டப்பாவோடு இரண்டு பேரும் அங்கேதான். ஒரு கண்டக்டர் நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாராம். ஐந்தாம் நாள், “தினமும் பஸ்ஸை முறைச்சிப் பார்த்துட்டு ஏறாமலே போறீங்களே, அப்படி என்னம்மா எங்க பஸ் மேல கோபம்?” என்று கேட்டிருக்கிறார். “கோபம் இல்லண்ணா, இதான் எங்க ஸ்கூலு” என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் விசிலடித்து, பஸ்ஸை ஒரு நொடி நிறுத்தித் திருப்பச் சொன்னார் என்று கேள்வி.

இருபத்தைந்தாவது நாள் முதல் மாதிரித் தேர்வு. திரைக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சுஜாதா கேள்வியைச் சத்தமாகப் படித்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். முத்தாயி திருடினாள்... முத்தாயி பொய்க் கையெழுத்துப் போட்டாள்... எல்லாக் கேள்வியிலும் முத்தாயி. எனக்குப் பொறுக்கவில்லை. திரையை விலக்கி, “யாரும்மா அது, இத்தினி அக்கிரமம் பண்றவ?” என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெலுங்கில் முத்தாயி என்றால் குற்றம் சாட்டப்பட்டவராம். எங்கள் பழைய வீட்டுக்கு எதிரில் ஒரு முத்தாயி இருந்தாள். பாவம், இட்லி சுட்டதைத் தவிர ஒன்றும் செய்யாதவள்.

சிரிப்பு அதோடு நின்றது. பார்கவி வாங்கியது பாதி மதிப்பெண்கூட இல்லை. ஏன் என்று பார்த்தால்... ஒரே ஒரு சொல்.

“‘நேரம் சேசின வ்யக்தி’ – இதுக்கு என்னாக்கா எழுதியிருக்கற?”

“லேட் பண்ணவன்.”

“என்னாது?”

“நேரம்னா டைம். டைம் பண்ணவன்னா... லேட்டா வந்தவன். அவனுக்கு எதுக்குத் தண்டனைன்னு எனக்கே டவுட்டாதான் இருந்தது.”

சுஜாதா தலையில் கை வைத்துக்கொண்டாள். “நேரம்னா குத்தம்க்கா. குத்தம் செஞ்சவன்.”

“எங்க வீட்ல குத்தத்துக்குத் தப்புன்னுதானே சொல்லுவோம். நேரம்னா நேரந்தான்.”

பாருங்கள், எல்லையில் இருப்பவர்கள் பேசுகிற தெலுங்கு இதுதான். தமிழ்ச் சொல் எப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. சட்டத் தேர்வில் குற்றம் என்ற சொல் இல்லாமல் எத்தனை கேள்வி இருக்கும்? அந்த ஒரு சொல்லில் பதினோரு கேள்வி போயிருந்தது. தெரியாத சொல்லாவது நம்மை நிறுத்தி வைக்கும். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் கையைப் பிடித்து வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். நான் கண்ட வரைக்கும் மனிதர்களும் அப்படித்தான்.

அன்று சாயந்திரமே இரண்டு பேரும் ஒரு பட்டியல் எழுதி மிஷின் மேல் ஒட்டினார்கள் – நம்மை ஏமாற்றும் சொற்கள் என்று.

அந்த வாரம்தான் நைனா கடைக்கு வந்தார். மகள் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், சுஜாதா பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீயும் அதே பரிட்சைதானே எழுதற?”

“ஆங், நைனா.”

“வெளி மாநிலத்துக்காரங்களுக்கு அங்க இருக்கறதே நாலஞ்சு சீட்டு. இவளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்துட்டு, உன் சீட்டை எங்க போய்த் தேடுவ?”

கேட்கக்கூடாத கேள்வியா? இல்லை. என் மனதிலும் அது இருந்தது. நான் கேட்கவில்லை, அவர் கேட்டார், அவ்வளவுதான்.

சுஜாதா பேனாவை மூடி வைத்தாள். “எனக்குக் கணக்கு வராது நைனா. அக்கா சொன்னாதான் வருது. நான் எழுத்து சொல்லித் தர்றத நிறுத்தினாலும் அக்கா கணக்கு சொல்லித் தர்றத நிறுத்தாது, எனக்குத் தெரியும். ஆனா தெலுங்கு படிக்க முடியாமப் போனா அழுதுகினு உக்காந்துடும். அப்ப எனக்குக் கணக்கும் போச்சு.”

“நான் எதுக்குடி அழறேன்?” என்றாள் பார்கவி.

“போன வாரம் ‘க்ஷ’ வரலன்னு அழலயா நீ?”

நைனா டீ வாங்கி வரப் போனார். மூன்று டீ வாங்கி வந்தார். ஒன்று திரைக்கு இந்தப் பக்கம் வந்தது.

தேர்வு நாளன்று விடியற்காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். மத்தியானம் பார்கவி போனில் சொன்னது: “ஒன்பது கேள்வி தொடவே இல்ல பெரிம்மா. மத்ததெல்லாம் படிச்சேன். புரிஞ்சு படிச்சேன்.” சுஜாதா எல்லாக் கேள்வியும் எழுதியிருந்தாள்.

போன வியாழக்கிழமை கடைக் கம்ப்யூட்டரில் ரிசல்ட் பார்த்தார்கள். பார்கவிக்கு இடம் கிடைத்துவிட்டது. கணக்கிலும் தர்க்கத்திலும் அள்ளியிருக்கிறாள். சுஜாதா வெயிட்டிங் லிஸ்டில், மூன்றாவதாக.

சுஜாதா, “வாழ்த்துக்கள்க்கா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வெள்ளி வரவில்லை. சனி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கடைக்கு வந்த ஒருவர், “அந்தப் பொண்ணு ஏமாளிங்க, தானே குழி தோண்டிக்கிச்சு” என்றார். பார்கவி காப்பி எடுத்துக் கொடுத்தாள். இனிப்பு டப்பா பிரிக்கப்படாமல் மேஜையில் கிடந்தது. கிடைத்த சீட்டை என்ன செய்வதென்று தெரியாத மாதிரி ஒரு முகம்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு சுஜாதா வந்தாள். கண் வீங்கியிருந்தது. மறைக்கவும் இல்லை.

“மூணு நாள் உன் மேல கோவமா இருந்தேன்” என்றாள்.

“தெரியும்.”

“இப்பவும் கொஞ்சம் இருக்குது. லிஸ்ட் நகர்ந்தா நல்லது. நகரலன்னா அடுத்த வருசம் மறுபடி எழுதுவேன். இங்கிலீஷ்ல எழுதப் போறேன், எங்க வேணா சேரலாம் பாரு. நீதான் சொல்லிக் குடுக்கணும். காலேஜ்ல நடத்தற நோட்ஸும் வாரா வாரம் ஒரு காப்பி வேணும்.”

“தரேன்.”

“வாயால சொல்லாத. நீ வக்கீலாவப் போறவ. எழுதிக் குடு.”

பார்கவி ஒரு தாளை எடுத்தாள். தமிழில், நம்பர் போட்டு எழுதினாள். சனிக்கிழமை தோறும் நோட்ஸ். ஞாயிறு இரண்டு மணி நேரம் இங்கிலீஷ். தேர்வு முடியும் வரை நிறுத்தக் கூடாது. கோபம் வந்தாலும் போன் எடுக்க வேண்டும் – இது இரண்டு பேருக்கும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“பெரிம்மா, வாங்க. சாட்சி வேணும்.”

கடையில் காப்பி எடுக்க வந்தவர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இருந்தும் திரையைத் தாண்டிப் போனேன். தாளை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை, பிறகு இன்னொருமுறை படித்தேன். பார்கவி அவசரப்படுத்தவில்லை. போட்டேன்.

இந்த வயது வரை எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்... படித்துப் பார்த்துவிட்டுப் போட்டது இது ஒன்றுதான்.