வெயிலும் வறட்சியும் சேர்ந்து வந்தபோது

ஆராய்ச்சி மாணவியாக மூன்றாவது ஆண்டில் என் சோதனை என்னைக் குழப்பிவிட்டது. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய், ஆய்வுக்கூடத்தில் பயறுச்செடி வளர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டுக்கு வெப்பம் மட்டும். இன்னொன்றுக்குத் தண்ணீர் கிடையாது. மூன்றாவதற்கு இரண்டு கஷ்டமும். வெப்பத்தில் விழிக்கும் மரபணுக்களும் வறட்சியில் விழிப்பவையும் மூன்றாவது தட்டில் ஒன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. மற்ற இரண்டிலும் உறங்கிக்கிடந்த வேறொரு மரபணுக் கூட்டம் விழித்திருந்தது.

லேபிள் மாறியிருக்கும் என்று மலையாளத்தில் சொன்னார் என் பேராசிரியர். கடிந்துகொள்ளவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. லேபிள் ஒட்டிய வாரம் எனக்குக் காய்ச்சல். மாறியிருக்கவும் கூடும். மறுபடி முதலிலிருந்து விதைத்தேன்.

அந்த மார்ச்சில் அக்கா போன் செய்தாள். கள்ளிக்காடு என்ற ஊரில் குத்தகை நிலத்தில் பயறு போட்டிருந்தாள். மோட்டார் பழுதாகி இரண்டு வாரமாகத் தண்ணீர் இல்லை. வெயிலோ கொளுத்தியது.

"மக்கா, எல்லாம் கரிஞ்சு போச்சு. ஆனா ஏழெட்டு மூடு செடி மட்டும் பச்சையா நிக்கு. நீ இதத்தானே படிக்கே?"

"பிடுங்கிராதே அக்கா. நாளைக்கு வாறேன்."

கிள்ளிய இலையை அந்த நிமிடமே உறையவைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே நடந்துகொண்டிருந்தது மாறிவிடும். டிரை ஐஸ் பெட்டியோடு உச்சி வெயிலில் வயலில் குனிந்தேன். பச்சையாக நின்றவற்றிலும் வாடியவற்றிலும் கிள்ளினேன். அக்கா எனக்குக் குடை பிடித்தாள்.

"எட்டி, அதுக்குள்ள என்னத்தத் தேடுதே?"

"சூடு கூடினா இலை துளையத் தொறந்து வேர்க்கணும். தண்ணி இல்லேன்னா மூடணும். ரெண்டும் சேந்து வந்தா என்ன செய்யும்? அதத்தான்."

அக்கா குடையை மறு கைக்கு மாற்றினாள். "பிள்ளைக்கும் மாமியாருக்கும் ஒரே நாள் காய்ச்சல் வந்தா நான் செய்யது தனி வேலையாக்கும். ரெண்டு வேலையக் கூட்டினது இல்ல."

மூன்று வருடத்தில் இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

நெய்யாற்றின்கரை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து, "உள்ள மீனா?" என்றாள். பயற்றிலை என்றேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

இரண்டாம் முறை விதைத்த மூன்றாவது தட்டில் அதே கூட்டம்தான் விழித்திருந்தது. அக்காவின் பச்சைச் செடிகளிலும் அதுவே; வாடியவற்றில் லேசாகத்தான். பேராசிரியர் கணினித் திரையில் இரண்டு முறை முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "லேபிள் மாறவில்லை. நான்தான் அவசரப்பட்டேன்" என்றார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அந்த மரபணுக்கள்தான் செடிகளைக் காப்பாற்றினவா என்பது இன்னும் உறுதியில்லை. அதைத்தான் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா அந்தச் செடிகளின் விதையைத் தனியே எடுத்துவைத்து அடுத்த கோடையில் போட்டாள். சில பட்டுப்போயின, பெரும்பாலானவை காய்த்தன.

"நீ ஆராய்ச்சிய மெதுவா எழுதி முடி மக்கா," என்றாள் போன வாரம். "நான் இந்த வருசம் அந்த விதைய வயல்ல ரெண்டு வரி கூட்டிப் போட்டாச்சு."